நெல் விற்கும் வரை

என் கொம்பியூட்டரில் கதைக்கிறவனுக்கு
மூச்சு விடத் தெரியாது.
காற்புள்ளியில் தடக்கி, ழகரத்தை விழுங்கி
மிளகாய் மில்லைப் போல ஒரே கதியில் அரைப்பான்.
அம்மாவுக்கு அது தகரத்தில் மழை.
எனக்கு ஒவ்வொரு துளியும் தனித்தனி.

பாட்டுப் பதிகிற செயலியைத் திறந்த முதல் இரவு
அவன் சொன்னதெல்லாம்:
பட்டன். பட்டன். பட்டன். பட்டன்.
பெயரில்லாத பதினேழு பட்டன்.
ஊரே கூடி நின்று
ஒருவரும் பேர் சொல்லாமல் கைகொடுப்பது போல.

அடம்பனிலிருந்து ரெஜினோல்ட்
குரற்பதிவு அனுப்புவான், பதினொரு நிமிசம்.
அவனுக்கும் பார்வை இல்லை. பொறுமையும் இல்லை.
"மவுஸைக் கழட்டிப் பெட்டிக்குள்ள போடு.
அம்புக் கீயால கீழ இறங்கு, ட்றாக் வரும்.
எஃப் செவனை அமத்து. விளங்கிச்சோ?"

அமத்தினேன்.
"ட்றாக் வன் ஆர்ம்ட்" என்றான் மூச்சில்லாதவன்.

ஆயுதம் தரித்ததாம், தடம் ஒன்று.
மல்லாவியில், நடுச்சாமத்தில்,
அந்தச் சொல்லை இவ்வளவு சாதாரணமாக
ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.
கை தானாகவே சத்தத்தைக் குறைத்தது.
திரும்ப அமத்தினேன்: "அன்ஆர்ம்ட்."
அமத்தினேன்: "ஆர்ம்ட்."
"அன்ஆர்ம்ட்."
ஒரு விரலின் வேலை, அவ்வளவுதான்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"பாட்டு வாங்கத் தயார் எண்டு அர்த்தமடி, விசரி"
என்றான் ரெஜினோல்ட், மறுநாள்.

முதல் பதிவில் என் குரலுக்குப் பின்னால்
அவனும் இருந்தான், மூச்சில்லாதவன்,
நான் இழுத்த நிஷாதத்தின் நுனியில்
"இரண்டு நிமிடம் நாலு செக்கன்" என்றபடி.
ஹெட்போனில் ஒரு காதின் பஞ்சு பிய்ந்திருந்தது.
சட்டைத் துணி வைத்துத் தைத்தேன்.
இரண்டாம் பதிவில் மயில்.
மூன்றாவதில் சிவகுருவின் லான்ட் மாஸ்ரர்.
நாலாவதில் கரண்ட் போனது
சேமிக்காத ஒன்றேகால் நிமிசத்தோடு.

பிறகு காலபோக நெல் வந்தது.
வேறு இடமில்லாமல் அப்பா
என் அறைச் சுவரோடு அடுக்கினார்,
முப்பத்தெட்டு மூட்டை.
அன்றிரவு கதவைச் சாத்தி ஒருதரம் கைதட்டினேன்.
தட்டின இடத்திலேயே சத்தம் அடங்கியது.
கொழும்பில் மணித்தியாலக் காசுக்கு விடுகிற அறை,
புதுநெல் தூசியோடும் தும்மலோடும்.

பாடினேன்.
பல்லில் நாக்குப் படுவது கேட்டது.
அடிக்குரலில் ஒரு கரகரப்பு,
இருபத்தாறு வருசமாக என்னோடு இருந்தது,
யாரோ இப்போதுதான் அறிமுகம் செய்தது போல.

கண்ணுள்ளவர்கள் வெட்டுகிற இடத்தை
அலையாகப் பார்ப்பார்களாம்.
நான் மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவே
அம்புக் கீயால் நுள்ளி நுள்ளிப் போய்
அரைச் செக்கன் பள்ளத்தில் வெட்டினேன்.
ஒரேயொரு மூச்சை வெட்டாமல் விட்டேன்.
அவனும் கேட்கட்டும், எப்படி விடுவதென்று.

விலை சரியில்லை, பொறுப்பம் என்றார் அப்பா.
வவுனியா லொறி இரண்டுதரம் வந்து வெறுமனே திரும்பியது.
அடகுக் கடையின் தவணையைச் சொல்லிச் சொல்லி
அம்மா ஏசினாள்.
நான் வாய் திறக்கவில்லை.
உண்மையைச் சொன்னால்,
நெல்லு விலை ஏறக்கூடாதென்று நேர்ந்திருந்தேன்.

மூன்றாம் பாட்டுக்கு உடுக்கடிக்க
வெள்ளிக்கிழமை வாறன் என்றான் கேதாரன்.
லொறி வியாழனே வந்துவிட்டது.

இருபதாவது மூட்டை வெளியேறும்போது
அறை தன் சுவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தது.
அப்பாவின் இருமல் முதலில் தடித்தது, பிறகு இரண்டானது.
"விதைநெல்லையாவது இங்கை விடுங்கோ."
"எலி வரும் பிள்ளை."
"வரட்டும்."

வெள்ளி. ஆறு மூட்டைக்கு நடுவே
முழங்கால் இடிபட இருந்தோம், கேதாரனும் நானும்.
எஃப் செவன்.
"ட்றாக் த்ரீ ஆர்ம்ட்."
தோலைத் தடவிக்கொண்டிருந்த அவன் விரல்
சட்டென்று நின்றது. கேட்டது, அந்த நிற்பு.

பாட்டு வாங்கத் தயார் எண்டு அர்த்தம், என்றேன்.
கேதாரன் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து, அடித்தான்.