நாற்பத்தொன்று

அண்டர்பெர்க் தாண்டி மண்சாலையில் ஏறி
பேக்கி திணறி நின்ற இடத்தில் முதல் இலை.
கசக்கினால் எலுமிச்சை வாசம். இருட்டும்வரை
விரல்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன.
சிலிக்கா மணிகள் போட்ட உறையின்மேல்
நொகுகான்யா எழுதினாள்: ஒன்று.

இப்பக்கம் இருபது செடி. அப்பக்கம் இருபத்திரண்டு.
நடுவில் ட்ராகென்ஸ்பெர்க்கின் ஒரு முகடு.
இதன் விதைக்குச் சுருள்வால் உண்டு,
திருகித் திருகி நின்ற மண்ணிலேயே இறங்கும்.
முகடு தாண்ட அதற்குத் தோது இல்லை.

உட்கருவில் இருப்பது சீட்டுக்கட்டு,
தலைமுறைக்கு ஒருமுறை கலைத்துப்போடுவார்கள்.
பசுங்கணிகத்தில் இருப்பது ஏடு.
பார்த்துப் பார்த்து எழுதியது.
எழுதிய கை அயர்ந்த இடத்தில் ஓர் எழுத்து பிசகும்,
அந்தப் பிசகு அடுத்த ஏட்டில் பிசகாமல் வரும்.
பாடபேதங்களை அடுக்கிப் பார்த்தால்
எந்த ஏடு எதன் மகள் என்று தெரிந்துவிடும்.
அப்படித்தான் நம்பினேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்று வாரம்.
லோட் ஷெட்டிங்கில் இரண்டு முறை
பாதி ஓட்டத்தில் எந்திரம் செத்தது.
கடைசியில் கிடைத்தது:
இச்சரிவுக்கும் அச்சரிவுக்கும் ஏழு எழுத்து.
ஏழே ஏழு. அதற்குள்
எத்தனை உறைபனி, எத்தனை புல்தீ.
ஒரு தண்டு, இரண்டு கிளை என்று வரைந்தேன்.
அழகாகத்தான் இருந்தது.

நாற்பத்தொன்று அதில் உட்காரவில்லை.
ஏழு இடத்திலும் இரண்டு எழுத்தையும் காட்டியது,
இருவர் ஒரே வாயால் பேசுகிற மாதிரி.
கறை என்றேன். உறை மாறிவிட்டது என்றேன்.
நொகுகான்யாவின் கையெழுத்தைச் சந்தேகித்தேன்,
அவளிடம் சொல்லாமல்.
மறுபடி அரைத்தேன். மறுபடி அதே.

அவள்தான் பழைய கட்டுரை ஒன்றைத் தோண்டி எடுத்தாள்.
பெரும்பாலான செடிகள் இந்த ஏட்டைத்
தாயிடம் மட்டுமே வாங்கும்.
பெலார்கோனியம் அப்படியில்லை.
மகரந்தமும் தன் பங்குப் பச்சையோடு வரும்.
விதை ஏறாத முகட்டை
நீள நாக்கு ஈ ஒன்று ஏறியிருக்கிறது,
யாரிடமும் கேட்காமல்.

சனிக்கிழமை திரும்பப் போனோம்.
பாறை இடுக்கில் இருந்தது.
ஒரு கிளை கரும்பச்சை,
ஒரு கிளை மோர் தெளித்தாற்போல் வெளிறி.
முதல் நாளே பார்த்தேன்.
நோய் என்று குறித்திருந்தேன், என் கையாலேயே.

கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்க
ஒரு பொத்தான் போதும்.
கிளையிலிருந்து கிளைக்கு ஒரு கோடு இழுத்தேன்.
இப்போது இது மரமே இல்லையே என்றாள்.
இல்லைதான்.
அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல்
உறையை ஒட்டினேன்.
விரலில் எலுமிச்சை.