முகம் பொருந்தவில்லை

கிரைண்டர் வீல் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று.
உடைந்தபோது நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.
ஹம்ரியா ஷெட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால்.
கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது என்று
சேஃப்டி ஆபீசர் அரைப்பக்கம் எழுதினார்.
மூக்குக்கு ஒரு வரி.

"மூக்கும் முழியுமா இருக்காரு சவரிமுத்து"
என்று பெண்வீட்டார் சொன்னார்களாம்.
முழி மிச்சம்.

டாக்டர் லுப்னா மோசூல்காரர்.
இப்படி நிறைய முகம் பார்த்திருக்கிறேன் என்றார்,
எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஊதாப் பேனாவால் என் நெற்றியில் ஓர் இலை வரைந்தார்.
காம்பு புருவத்தில், நுனி மயிர்க்கோட்டில்.
இதைத் திருப்பி இறக்கி மூக்கில் தைப்போம்,
மூன்று வாரம் காம்பை வெட்டமாட்டோம்,
இரத்தம் அந்த வழியாகத்தான் வரணும் என்று
நர்ஸ் ஜின்சி பாதி மலையாளத்தில் விளக்கினாள்.

எனக்கு ஓடியது வேறு.
தலையெழுத்து இருக்கிற தோலாயிற்றே.
தலைகீழாய்த் தைத்துவிட்டால்
எழுதினவனே எப்படி வாசிப்பான்?

விலாவிலிருந்தும் கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்தார்கள்.
ஏவாளைச் செய்த இடம்.
எனக்கு ஒரு மூக்குத்தண்டு.

ஆறு கட்டில் அறைக்குத் திரும்பினேன்,
புருவத்திலிருந்து ஒரு துதிக்கை தொங்க.
யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்லமாட்டேன்.
பேசினார்கள், என் தோளைப் பார்த்து.
நேபாளி தில் பகதூர் மட்டும் நேராகப் பார்த்தான்,
நேராகப் பார்த்தே, டீயில் ஸ்ட்ரா போட்டு நீட்டினான்.

ஒன்பதாம் நாள் ஓர் ஈ.
உட்கார்ந்தது புது மூக்கில்.
ஊர்ந்தது நெற்றியில்.
நெற்றியை அடித்தேன், மூக்கில் நின்று கால் தேய்த்தது.
மறுபடி நெற்றி. மறுபடி மூக்கு.
தில் பகதூர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
நானும். தையல் தையலாக வலித்தது.

செசிலியிடம் கேமராவை மூடியே பேசினேன்.
நெட் சரியில்லை.
இருபத்திரண்டு நாள் ஷார்ஜா முழுக்க நெட் சரியில்லை.
அவள் நம்பினாள் என்று நான் நம்பினேன்.

காம்பை வெட்டினார்கள்.
மூக்கு தனியாயிற்று, கொஞ்சம் உப்பலாக, கொஞ்சம் வெளுப்பாக,
நுனியில் ஏழெட்டு மயிரோடு.
ரோலா பார்பர் தாடி முடித்துவிட்டு
பிளேடோடு ஒரு நொடி தயங்கி
அதையும் மழித்தார். தனியாகக் காசு கேட்கவில்லை.

அன்றிரவு கேமராவைத் திறந்தேன்.
பின்னால் சின்னவன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.
ஏழு எட்டு ஐம்பத்தாறு வரை அவள் பேசவில்லை.
பிறகு,
"மூச்சு விட முடியுதா?"
முடியுது.
"விட்டுக் காட்டு."
போனை மூக்கருகில் வைத்து விட்டேன்.
"ம்" என்றாள்.
கேஸ் சிலிண்டர் விலை ஏறியதைச் சொன்னாள்.

ஜூலையில் வேலைக்குப் போனேன்.
கேட்டில் இருக்கிற மெஷின்
காலை ஐந்தே முக்காலுக்கு என்னைப் பார்த்து
முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்றது.
முயன்றேன். கேப்பைக் கழற்றி, தாடையைத் தூக்கி,
பழைய போட்டோவில் முறைத்த மாதிரி முறைத்து.
டைம்கீப்பர் குஞ்ஞுமோன் வந்து பட்டன் தட்டினார்.

திரையில் இரண்டு கட்டம்.
பழைய முகத்தை அழிக்கவா? ஆம். இல்லை.
"அமுக்குப்பா" என்றார்.
கடல் புழுக்கம் சட்டையை உடம்போடு ஒட்டியிருந்தது.
திரையில் அவன் இருந்தான்,
வந்த முதல் வாரத்தில் எடுத்தது,
காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு.

நெற்றித் தோல் அல்லவா, வேர்க்கிறது.
நெற்றி வியர்வை சிந்திச் சம்பாதிக்கிறவன் என்பார்கள்,
எனக்கு இப்போது அது மூக்கு நுனியில் திரண்டு
கண்ணாடித் திரைமேல் சொட்டியது,
ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்.

சட்டைக் கையால் துடைத்தேன்.
எதில் பட்டதோ தெரியவில்லை, பச்சை விளக்கு எரிந்தது.

பின்னால் நாற்பது பேர்.
"நகரு பாய்" என்றான் ஒருவன்.