தவறிக் கலந்த நிறங்கள்

ஹார்லன் சாலையில் எங்கள் கடை
இன்னும் பதினொரு நாள்தான்.
முதலில் இருபது விழுக்காடு தள்ளுபடி,
பிறகு நாற்பது.
இன்று காலை அலமாரிகளுக்கே
விலைச்சீட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.
பதினேழாம் வரிசையில்
ஆணிகளின் கனத்துக்கு வளைந்துகொடுத்த தகரம்
ஆணிகள் போன பிறகும்
வளைந்தே நிற்கிறது.

டொலீடோவில் பனி இன்னும் விடவில்லை.
வெளியே எண்ணூறு கார்களுக்குக் கோடு போட்டிருக்கிறது.
இன்று ஒன்பது கார். அதில் ஒன்று என்னுடையது.
மிச்ச இடத்தில் ஏரியிலிருந்து வந்த கடற்காகங்கள்
கட்டத்துக்கு ஒன்றாக நிற்கின்றன,
கட்டணம் கட்டியதுபோல.

இந்தக் கடை வந்தபோது
மூன்று ஹார்ட்வேர் கடைகள் மூடின.
அதில் ஒன்றின் முதலாளி பெர்னார்ட் ஓசோல்ஸ்கி
மறு வாரமே இங்கு வேலை கேட்டு வந்தார்.
குழாய்ப் பிரிவில் போட்டார்கள்.
பெயர்ப்பட்டையில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.
ஆறு வருடம் திருத்தச் சொல்லவேயில்லை.
"இருக்கட்டும்," என்பார்,
"கடையைத் தொலைத்தவன் வேற ஆளு."

நான் பெயின்ட் கலக்குகிறவள்.
முட்டை ஓடு என்ற நிறத்தைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.
சுவரில் ஒரு கை இழுத்துப் பார்த்துவிட்டு
மாலையே திரும்பி வருவார்கள்:
"இது முட்டை ஓடு இல்லை,
காய்ச்சக்காரன் மூஞ்சி."
வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது விதி.
டப்பாவின் மூடியில் விரலால் ஒரு பொட்டு வைத்து,
உள்ளே என்ன நிறம் என்று தெரிய,
கவுன்டருக்கு அடியில் தள்ளுவேன்.
எதுவானாலும் ஐந்து டாலர்.

மாதம் ஒருமுறை வெல்டா கிரிம்ஸ்லி வருவாள்.
லார்க்கின் தெருவில் ஏழு வாடகை வீடுகள் அவளுக்கு.
பொட்டைப் பார்க்கவே மாட்டாள்,
டப்பாக்களை எண்ணுவாள்.
உள்சுவர் பெயின்ட்டை வெளியே அடிக்காதே என்று
ஒரு தடவை சொன்னேன்.
"சுவருக்குத் தெரியாது," என்றாள்.

நகர மன்றக் கூட்டத்துக்கும் போயிருந்தேன்.
திரையில், நான் நிற்கும் இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி.
கிடங்காம். வீட்டிலிருந்தே வாங்குகிறவர்களுக்காம்.
பன்னிரண்டு வருடம் வரிச் சலுகை.
எங்களுக்குப் பத்து கொடுத்திருந்தார்கள்,
அது முடிந்து நாலாவது வருடம் இது.
ஓசோல்ஸ்கிக்கு எத்தனை கொடுத்தீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
ஆளுக்கு மூன்று நிமிடம். விளக்கு சிவப்பானது.
படத்தில் மரங்கள் மட்டும்
அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தன.

இன்று போனது காட்சிக் கதவுகள்.
நிலையோடு பதினாறு, வரிசையாக.
எதைத் திறந்தாலும் பின்னால் இன்னொரு கதவு.
கைப்பிடியெல்லாம் தேய்ந்து பளபளத்தது,
ஒருவர்கூட உள்ளே போனதில்லை.
மகோகனி முன்கதவை, பித்தளைத் தட்டுவளையத்தோடு,
கோழிக்கூண்டுக்கு என்று சொல்லி ஒருவர்
வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

வீடு திரும்பும் வழி இல்லை அது.
ஆனாலும் லார்க்கின் தெருவில் திருப்பினேன்.
ஏழு வீடுகளையும் எனக்குத் தெரிந்தது,
முன்னே பின்னே பார்த்ததில்லை.
அதோ, ஒரு சொட்டுக் கறுப்பு கூடிப்போன மஞ்சள்.
அதோ, இயந்திரம் மக்கர் செய்த வாரத்து நீலம்.
மூலைவீட்டு முகப்பு முழுக்கக் காய்ச்சக்காரன்.
மாலை வெயிலில் அவ்வளவு மோசமில்லை.

படியில் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்:
"வீடு பாக்க வந்தீங்களா? காலியில்ல."
நிறம் பார்க்க வந்தேன் என்றேன்.
அதிசயமாகப் பார்த்தான்.
"இதா? இது உரியுது," என்று
நகத்தால் ஒரு சில்லை நெம்பிக் காட்டினான்.

அடியில் ஒரு பச்சை.
அதுவும் என்னுடையதுதான்.