கீறல் இல்லாதவை

பெருமாநல்லூர் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி.
ஆறு மீட்டருக்கு வகுப்பறை பற்றவில்லை.
வராந்தாவில் சுண்ணாம்புக் கோடு கிழித்து
எழுத்தட்டையைச் சத்துணவுக் கூடத்துக் கதவில் மாட்டினேன்.
ஆடிக் காற்றுக்கு அட்டை நிற்கவேயில்லை;
கவினேஷ் வந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

இருபத்து மூன்று பேருக்குக் கண்ணாடி.
பசங்க ஒன்பது. புள்ளைங்க பதினாலு.

தை பிறந்து மறுபடி போனேன்.
படிவத்தில் கேள்வி ஒன்றுதான்:
கண்ணாடி நல்ல நிலையில் உள்ளதா?

கவினேஷின் கண்ணாடிக்கு ஒரு கால் இல்லை,
அந்த இடத்தில் பனியன் கம்பெனி எலாஸ்டிக்.
இன்னொருத்தனுடையது கபடியில் நசுங்கி
ஒரு சில்லில் மட்டும் உலகம் தெரிகிறது.
ஒன்று கிணற்றுக்குள் கிடக்கிறதாம்,
"தண்ணி வத்துனா எடுத்துப்போடுவனுங் மிஸ்."
இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன்.

அப்புறம் புள்ளைங்க.
ஜியோமெட்ரி பாக்சுக்கு அடியிலிருந்து டப்பாக்கள் வந்தன.
துடைக்கிற துணி, கடையில் மடித்த மடிப்புக் கலையாமல்.
பதினாலும் அப்படியே.
ஆம்.
பேனா அதன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது.

மிதுலாவிடம் மட்டும் கேட்டேன்.
"வெளிய போட்டா ஒரம்பரைக்குத் தெரிஞ்சுரும்னாங்க அம்மா."
படிப்பது எட்டாவது.
போர்டில் எழுதுவது?
"வித்யாசினியப் பாத்து எழுதிக்குவனுங் மிஸ்."
வித்யாசினிக்கு மைனஸ் இரண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் கல்யாண ஆல்பத்தில், பக்கத்துக்குப் பக்கம்,
கேமரா இல்லாத திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அம்மா சாயங்காலம் வந்தார். கம்பெனியில் செக்கிங்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
பீஸுக்குப் பீஸ் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்.
கண்ணாடியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
"ஒரு சொட்ட கெடையாதுங்.
பத்தரமாத்தான் வெச்சிருக்குது எங் கண்ணு."

வண்டியை எடுக்கும்போது
கேட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்:
அடுத்த தடவ நான் வர்றப்ப
இத ஒடச்சு வெச்சிரோணும், தெரிஞ்சுதா?

விளையாட்டுக்குச் சொல்கிறேனா, நிஜமாகவா என்று
என் முகத்தைக்
கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.