எல்லாரும் எழும்புகையில்

புதுக்கடை, ஐந்தாம் இலக்க நீதிமன்றம்.
ஒன்பதரைக்கு ஆராச்சி கதவடியில் குரல் கொடுப்பான்.
கறுப்புக் கோட்டுகள், பொலிஸ் சப்பாத்துகள்,
ஈரக் குடையை மடியில் வைத்திருந்த சனம்
ஒரே சத்தமாய் எழும்பும்.
நானும் எழும்புவேன்.
என் இரத்தம் மட்டும் எழும்பாது.

அது கணுக்காலில் குந்திக்கொண்டு
வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்,
அழைப்பாணைக்குப் பயப்படாத சாட்சி மாதிரி.
மின்விசிறி கரையும்.
நீதவானின் முகம் துடைத்த சிலேட்டாகும்.
மேசை விளிம்பு ஒன்றுதான் உலகத்தில் மிச்சம்.
அதைப் பிடித்தபடி ஏழு வரை எண்ணுவேன்.
சில நாள் பதினொன்று.
பார்ப்பவர்களுக்கு நான் குனிந்து வணங்குவது போலிருக்கும்.
'அருளப்பு முதலியார் பழைய ஆள், பணிவு தெரிந்தவர்'
என்று இளம் சட்டத்தரணி ஒருத்தி
பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில், நாற்பத்திரண்டாம் நம்பர் துண்டோடு
காலை ஆறிலிருந்து வாங்கில் இருந்தேன்.
டொக்டர் ஸுமையா என்னைப் படுக்கவைத்து அளந்தா:
நூற்று அறுபத்தெட்டு.
எழுப்பி நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில்
நூற்று முப்பத்தொன்று.
மூன்றாம் நிமிடம் நூற்று இருபத்தாறு.
"அப்ப எனக்குப் பிரஷர் கூடவா, குறையவா?"
"ரெண்டும்தான்" என்றா, கொப்பியில் எழுதிக்கொண்டே.
இருபத்தெட்டு வருசம்
இரண்டு பாஷைக்கு நடுவில் நின்றவனுக்கு
அந்தப் பதில் புதிதில்லை.

குளிசையை நிப்பாட்டச் சொல்லவில்லை. ஒன்றை மாற்றினா.
கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருக்கவேணும்,
பாதத்தை ஆட்டவேணும், தண்ணீர் குடிக்கவேணும்,
பிறகுதான் எழும்பவேணும்.
"அவசரப்படாதீங்க."
நீதவான் உள்ளே வரும்போது
ஆறுதலாய் எழும்ப யாருக்கு அனுமதி?

செவ்வாய்க்கிழமை, கூண்டில் தவசி.
கிராண்ட்பாசில் மூட்டை தூக்குகிறவன்.
வீட்டுக்காரர் விஜேசேகரவை, வயது எழுபத்தொன்று,
தள்ளி விழுத்தித் தோள் எலும்பை முறித்தானாம்.
அப்பாவும் பிரஷர்காரர் என்று
மகள் போன தவணையில் சொன்னதை
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

"தொடவே இல்லீங்க.
வாடகை பாக்கிக்காக ஏசினாரு.
சாய்கதிரையில படுத்திருந்தவரு
கோவத்துல சடார்னு எந்திரிச்சாரு.
ரெண்டு எட்டு வச்சாரு. கண்ணு எங்கயோ போச்சு.
விழுந்துட்டாரு."

கண் போன இடம் எனக்குத் தெரியும்.
தினமும் ஒன்பதரைக்குப் போய்த் திரும்புகிற இடம்.
அங்கே யாரும் யாரையும் தள்ளுவதில்லை.
ஆனால் முதலியாருக்கு
நாக்கு இரண்டு, வாய் இல்லை.
கேட்டதைச் சொல்லலாம், அறிந்ததைச் சொல்லக்கூடாது.

'விழுந்து'வுக்கும் 'விழுத்து'வுக்கும் நடுவில்
ஒரு மெய்யெழுத்துத்தான் கிடக்கிறது.
சிங்களத்திலும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.
விழுந்தார் என்று சொன்னேன்.
மெதுவாக, இரண்டு தரம்.
இரண்டாம் தரம் யாரும் கேட்கவில்லை.
"ஒருக்காச் சொன்னால் போதும், முதலியார்"
என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார் நீதவான்.
அவர் சொன்னதைத் தமிழாக்கத் தேவையிருக்கவில்லை.

வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.
அவர் எழும்பினார். எல்லாரும் எழும்பினார்கள்.
நான் மேசைக்குக் கீழே பாதத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
ஆராச்சி முறைத்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகு எழும்பினேன். அப்படியும் கொஞ்சம் இருட்டியது.

கூண்டுக் கம்பியில் கை வைத்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான் தவசி.
"ஐயா," என்றான் தணிந்த குரலில்,
"ஒங்களுக்குமா?"

அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.
பொலிஸ்காரன் அவனைக் கூட்டிக்கொண்டு போனான்.
போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது.
இருந்து குடித்தேன்.