பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலரை.
திருத்துறைப்பூண்டி பாலிடெக்னிக் மாடியில்
பழைய வேதியியல் அறை.
'மத்திய அரசு நிதியுதவியுடன்' என்று
தொடங்குகிறது வாசல் பலகை.
முடிகிற இடத்தில் துரு.

திட்டத்தின் பெயரே இரண்டு வரி:
கடலோர உவர்நிலங்களில் சூரியசக்தி நீரேற்றம் குறித்த ஆய்வும்
ஊரக இளைஞர் திறன் பயிற்சியும்.
எங்களுக்குள் அது
மோட்டார் கிளாஸ்.

முதல் தவணை வந்தது.
தகடு பன்னிரண்டு, மோட்டார் மூன்று,
உப்பளக்கும் கருவி ஒன்று,
ஸ்பேனர் பெட்டி ஆறு.
பிள்ளைகளுக்கு டீ, சுண்டல்.
இரண்டாம் தவணை பரிசீலனையில் இருப்பதாக
டெல்லியில் ஒரு குரல் இந்தியில் சொன்னது,
பிறகு மெதுவாக இங்கிலீஷில்.
மூன்றாம் வருஷம்
அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

கடைமடைக்குத் தண்ணி வர்ற கதைதான் என்பார்
கலியமூர்த்தி சார்.
எனக்கு அந்த உவமை பிடிக்காது.
தண்ணீர் என்றால்
மேட்டூரில் எத்தனை அடி என்றாவது
பேப்பரில் போடுவார்கள்.

இன்றைக்கு வந்த கடிதம் வேறு கேட்கிறது.
முதல் தவணை வங்கியில் கிடந்த நாட்களில் விளைந்த வட்டி
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாயைத்
திருப்பிச் செலுத்துக.
பயன்பாட்டுச் சான்றிதழ் மூன்று பிரதிகள் அனுப்புக.

கணக்கில் இருப்பு பூஜ்ஜியம்.
வட்டியை என் கைக்காசில் கட்டிவிட்டேன்.
எனக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி.
அதற்கு வட்டி கேட்பது எந்தப் படிவத்தில் என்று
தேடவில்லை.

பதிவேட்டைத் திறக்கிறேன்.
தகடு: பதினொன்று.
ஒன்றைப் புயல் தூக்கிப்போய்ப்
பக்கத்துத் தோப்புத் தென்னையில் செருகியது.
வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட சான்று இருக்கிறது.
மோட்டார்: சரி.
உப்புக் கருவி: எதில் முக்கினாலும் நாலு புள்ளி இரண்டு.
கேன் தண்ணீரிலும்.

பயிற்சிக்கு அனுமதி நாற்பது பேர்.
வந்தது இருபத்தாறு, முடித்தது பத்தொன்பது.
எட்டுப் பேர் திருப்பூரில்.
'வேலைவாய்ப்பு பெற்றோர்' கட்டத்தில் அவர்களைச் சேர்க்கலாமா?
பனியன் தைப்பதும் வேலைதான்.
சேர்த்தேன்.
அடித்தேன்.
திரும்பச் சேர்த்தேன்.

ஐந்தாம் பெட்டியில்
பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இல்லை.
அது படுத்திருந்த பள்ளம் மட்டும்
அதே வடிவத்தில் காலியாக.

எங்கே இருக்கிறது என்று தெரியும்.
போன மாதம் தலைஞாயிறு தாண்டிப் பஸ் பழுதாகி நின்றபோது
வயலுக்குள் ஆரோக்கியச்செல்வி.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி
தகட்டுச் சட்டத்தில் ஏறி நின்றிருந்தாள்.
என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள்.
'உப்புக்காத்து சார், நட்டெல்லாம் துரு புடிச்சிக்குது.
பதினாலு நம்பர் கடையில கெடைக்கல.'

கிடைக்கும். நூற்றுப்பத்து ரூபாய்.
அவளுக்கும் தெரியும்.
வரப்பில் ஒரு ஆள்
சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தார்,
அடுத்து தன் மோட்டாருக்கு அவளைக் கூட்டிப்போக.
பம்பு இருமியது. பிறகு
கலங்கலாக ஒரு பாய்ச்சல்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

'காணவில்லை' என்று எழுதினால்
போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.
'சேதம்' என்றால்
சேதமான பொருளைக் கேட்பார்கள்.
குறிப்புக் கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
எழுதினேன்:
பயன்பாட்டில் உள்ளது.

மூன்றாம் பிரதியில் கார்பன் சரியாக விழவில்லை.
அந்த ஒரு வரியை மட்டும்
பேனாவால் மறுபடி அழுத்தினேன்.