பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு

காந்திபுரத்துச் சந்துக் கடையில்
முந்நூற்று எண்பது ரூபாய்க்கு
ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடைத்தது
இன்னும் ஆகாத ஆம்ப்ளிஃபயர்.
ஐந்து கால் ஐசி இரண்டு,
கம்பி முளைத்த அரிசிபோல் ரெசிஸ்டர்கள்,
ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கின ஒரு தாள்.
"புதுசாப் பண்றீங்களா?"
ஆமுங்க என்றேன்.
"அப்ப ஃபியூஸ் ரெண்டு சேத்தி வாங்கிக்கங்க."

பதினோரு வருசமாய் எனக்குக் கலர்தான் சோறு.
சாயம் ஏறிவந்த லாட்டுக்கும்
பையர் கொடுத்த துண்டுக்கும் நடுவே
ஒரு சொட்டு நீலம் கூடினாலும் கண் உறுத்தும்.
நேவியில் மட்டும் பதினாறு நேவி தெரியும்.
ஆனாலும் வீட்டு டியூப்லைட்டில்
அந்த அரிசியின் மூன்றாம் கோடு
சிவப்பா ஆரஞ்சா
சொல்ல முடியவில்லை.
சிவப்பென்றால் ஆயிரம் ஓம்.
ஆரஞ்சென்றால் பத்தாயிரம்.
நாச்சிமுத்துவைக் கேட்டேன்.
"எல்லாம் மெரூன்தான்" என்று
திரும்பிப் படுத்தார்.

மறுநாள் சோத்து டப்பா மூடியில் போட்டு
கம்பெனிக்குக் கொண்டுபோனேன்.
சாப்பாட்டு நேரத்தில், லைட் பாக்ஸுக்குள்.
கடை வெளிச்சத்தில் ஒன்றாய்க் கிடந்தன.
பகல் வெளிச்சத்துக்கு மாற்றினேன்,
பங்காளிகள்போல் பிரிந்துகொண்டன.
ஒரு லைட்டில் ஒத்துப்போய்
இன்னொரு லைட்டில் காட்டிக்கொடுக்கும் துணியை
நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம்.
இவற்றை அனுப்பவில்லை.
சிவப்பின் காலில் நூலால் ஒரு முடிச்சு,
ஆரஞ்சுக்கு இரண்டு.
பின்னால் வந்து நின்ற பாலதண்டபாணி சார் கேட்டார்,
"எந்தப் பையருங்க இது,
இத்தனை சின்ன சேம்பிள்?"

முதல் ராத்திரி வைத்த ஈயமெல்லாம்
ஒட்டாமல் உருண்டு நின்றது.
அப்புறமேட்டுத்தான் பிடிபட்டது:
ஈயத்தைச் சுடக் கூடாது,
அது சேர வேண்டிய இடத்தைச் சுட வேண்டும்.
தானே ஓடிவந்து படுத்துக்கொள்ளும்.
நாலாம் ராத்திரி பிளக்கைச் செருகினேன்.
டப்.
தலைகீழாய் வைத்த கண்டன்சர்
மண்டை பிளந்து, மீன் அழுகினாற்போல் நாறியது.
கீழே நிட்டிங் மிசின் ஓட்டும் குருநாதன்
படியேறி வந்து எட்டிப் பார்த்தார்:
"பெல்ட் அறுந்துச்சுங்களா?"
ஃபியூஸ் ஒன்று போயிருந்தது.
கடைக்காரர் கணக்குப்படி
இன்னும் ஒன்று பாக்கி.

அடுத்த தடவை சீரியலில் பல்பு மாட்டினேன்.
பளிச்சென்று எரிந்து அடங்கினால்
எல்லாம் சரி என்றது தாள்.
எரிந்தது.
மெல்ல அடங்கியது.
பல்பு அணைந்ததற்கு
ஒருத்தி கைதட்டியதை
அனுப்பர்பாளையத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாட்டு எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.
இன்புட் கம்பியில் விரல் வை, போட்டிருந்தது.
வைத்தேன்.
ம்ம்ம்ம்ம்
என்றது ஸ்பீக்கர்.
எடுத்தேன், பேச்சில்லை.
குருநாதனின் மிசின், எதிர்வீட்டு ஓவர்லாக்,
யார் வீட்டிலோ மாவு ஆடும் கிரைண்டர்,
வீதி முழுக்க ஓடுகிற கரண்டு
எந்நேரமும் என்மேல் படிந்தே இருக்கிறதாம்.
இத்தனை நாள்
காதுக்குத்தான் எட்டவில்லை.

"தள்ளு, நான் வெச்சுப் பாக்கறேன்."
நாச்சிமுத்துவின் விரலுக்கு
இன்னும் கொஞ்சம் தடித்த ம்ம்ம்.
அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
இடது பக்கம் மட்டும்தான்.
வலது ஊமை.

திடீரென்று ஸ்பீக்கர் திக்கியது:
டிட்டி டிட்டி டிட்டி.
போச்சு, இதுவும் வெடிக்கப் போகுதென்று
சுவிட்சுக்குப் பாய்ந்தேன்.
அதற்குப் பிறகுதான்
போன் அடித்தது.
பாலதண்டபாணி சார்.
"அந்த ஆலிவ் லாட்டு திரும்பிருச்சுங்க.
கடை வெளிச்சத்துல ஒத்துப்போகலியாம்.
காத்தால ஏழுக்கே வந்துருங்க."
வர்றேனுங்க சார்.

விடியுமுன் சோத்து டப்பாவைக் கழுவ எடுத்தேன்.
மூடியின் வளைவில்
ஒரு ரெசிஸ்டர்.
இரண்டு முடிச்சு.